கட்டற்ற படத்தொகுப்பு மென்பொருள்கள்: காவிரிப் படுகைப் பயன்பாடு

டிஜிட்டல் படங்களை வகைபிரித்து வைக்கவும், தேடி எடுக்கவும், பிறரோடு பகிரவும் பயன்படும் மென்பொருள்களில், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை கட்டற்ற படத்தொகுப்பு மென்பொருள்கள் எனப்படும். கணினியில் படங்களை ஒழுங்குபடுத்த டிஜிகேம், சொந்த சர்வரில் ஆல்பமாக வெளியிட பிவிகோ, துண்டுப் படங்களை இணைக்க ஹுகின் ஆகியவை பெயர்பெற்றவை. கட்டற்ற ஊடகக் கோப்புகளின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகம் இயங்கும் மீடியாவிக்கியும் கட்டற்ற மென்பொருளே. கோயில்களும் கல்வெட்டுகளும் செறிந்த தஞ்சைப் பகுதியில் படம் எடுப்போர் ஏராளம். எடுத்த படம் எந்த ஊர், எந்தச் சுவர், எந்த ஆண்டு என்று பின்னால் தெரியாமல் போவதுதான் இங்குள்ள பெரிய இழப்பு.

முன்வரலாறு

சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். தென்னிந்திய நிழற்பட வரலாற்றில் இதற்கு இணையான முயற்சி அரிது. இன்று ஹுகின் அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால் ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு போதிய அளவு மேற்படியும்படி எடுத்திருக்க வேண்டும்.

டிஜிகேம்

ரெஞ்சி ராஜு 2001இல் தொடங்கிய இந்த மென்பொருள் இப்போது கேடிஈ திட்டத்தின் கீழ் வளர்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஒரே மாதிரிப் படங்களைக் கண்டுபிடிக்கும், நிலப்படத்தில் இடம் குறிக்கும், முகங்களை அடையாளம் காணும். இவற்றையெல்லாம்விடப் படுகைக்குப் பயன்படுவது இதன் அடுக்குக் குறிச்சொல் முறை. தஞ்சாவூர் மாவட்டம், பாபநாசம் வட்டம், பசுபதிகோயில், புள்ளமங்கை பிரம்மபுரீசுவரர் கோயில், தேவகோட்டம் (சுவர்மாடம்) என்று படிப்படியாக இறங்கலாம். அக்கோயிலிலுள்ள சிற்றுருவ இராமாயணச் சிற்பங்கள் உள்ளங்கை அளவே இருக்கும். குறிப்பு இல்லாவிட்டால் எந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று எடுத்தவருக்கே மறந்துபோகும்.

மாவட்ட எல்லை மாற்றங்களும் இங்கே தீராத குழப்பம். தரங்கம்பாடி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. திருவாரூர் 1997இல் தனி மாவட்டமானது. பழைய ஆல்பங்களில் தரங்கம்பாடிக் கோட்டையின் படம் மூன்று மாவட்டப் பெயர்களில் கிடக்கும். டிஜிகேமில் ஊரின் குறிச்சொல்லை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துவிட்டால், அதன் கீழுள்ள படங்கள் எல்லாம் கூடவே நகர்ந்துவிடும். ஊர்ப்பெயரை வைத்து ஃபோல்டர் போடுவோர் இந்த வசதிக்காகவே குறிச்சொல்லுக்கு மாறலாம்.

குறிப்புகளைப் படக்கோப்புக்குள்ளேயே எக்ஸ்எம்பி என்னும் தகவல் வடிவில் எழுதச் செய்யும் அமைப்பு முக்கியமானது. எக்ஸ்எம்பி யூனிகோடில் அமைந்ததால் தமிழ் எழுத்து சிதையாது. நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் குறிப்பு படத்தோடு போகும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு இடமும் குறிப்பும் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே இருக்கும். வரலாற்று ஆர்வலர் குழுக்களில் சுற்றும் அருமையான படங்கள் பல அனாதைகளாகக் கிடப்பதற்கு இப்படிக் குறிப்பு உதிர்வதும் ஒரு காரணம்.

தேதியும் அதே அளவு முக்கியம். திருப்பணி நடக்கும்போது சுவர், சுதை, தரை என எல்லாமே மாறக்கூடும். பெரிய கோயிலில் 2020 பிப்ரவரி 5 அன்று குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் தனித்தனிச் சான்றுகள்.

விக்கிமீடியா பொதுவகம்

2004இல் தொடங்கிய பொதுவகத்தில் இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. 2011 நவம்பர் முதல் 2012 பிப்ரவரி வரை நடந்த தமிழ் விக்கி ஊடகப் போட்டி, தமிழ்நாட்டுப் படங்கள் பெருக வழிசெய்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற, சோழ நாட்டுப் பௌத்தத்தை ஆய்ந்த முனைவர் பா. ஜம்புலிங்கம், பொதுவகப் படங்களைப் பயன்படுத்தும் தமிழ் விக்கிப்பீடியாவில் இப்பகுதிக் கோயில்கள் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்.

வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தைப் பொதுவகம் ஏற்பதில்லை. குறுக்கே பெயர் பொறித்த படங்களையும் அது விரும்புவதில்லை. எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று அங்கு பெரிதும் பயன்படும் உரிமமே கட்டாயப்படுத்துவதால், கல்வெட்டின் மேல் கைப்பேசி எண்ணைப் பொறிக்கத் தேவையில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டடங்களையும் பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பங்களையும் படமெடுத்து வெளியிட இடம் தருகிறது. எனினும் கருவறை போன்ற இடங்களில் கோயில் விதிக்கும் தடை தனி.

சான்றாகும் படங்கள்

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னகக் கோயில்களைப் படமெடுத்துத் தொகுத்து வருகிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியிருந்தது. 1990களில் பிரெஞ்சு நிறுவனம் எடுத்திருந்த படம் அச்சிலை எந்தக் கோயிலுடையது என்று காட்டியது. 2014இல் சிலை இந்தியா திரும்பியது. படத்தின் தெளிவு மட்டும் இதற்குப் போதுமானதாக இருந்திருக்காது. ஊரும் நாளும் பதிவாகியிருந்ததால்தான் அது சாட்சியானது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வயல்வெளியில் காவலின்றி நிற்கும் புத்தர், தீர்த்தங்கரர் சிலைகளின் துல்லியமான அமைவிடம் இணையத்தில் கிடைத்தால் திருடருக்கும் அது உதவும். பகிருமுன் படத்திலுள்ள அமைவிடத்தை மட்டும் நீக்க டிஜிகேமில் வழியுண்டு. அத்தகைய சிலைகளுக்குப் பொதுவகத்தில் வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, முழுக்குறிப்புள்ள மூலக்கோப்பை வீட்டிலுள்ள வன்தட்டிலும் அதன் நகலை வேறோர் ஊரிலும் வைப்பது நல்லது.