எஸ். ஆர். பொம்மை எதிர் இந்திய ஒன்றியம்

எஸ். ஆர். பொம்மை எதிர் இந்திய ஒன்றியம் என்பது இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1994 மார்ச் 11 அன்று தீர்ப்பளித்த வழக்கு ஆகும். மாநில அரசுகளைக் கலைக்க நடுவண் அரசுக்கு உள்ள அதிகாரத்தின் எல்லைகளை இத்தீர்ப்பு வரையறுத்தது.

பின்னணி

ஒரு மாநிலத்தில் அரசியலமைப்பின்படி ஆட்சி நடத்த இயலாத நிலை ஏற்பட்டுள்ளது எனக் குடியரசுத் தலைவர் கருதினால், 356 ஆவது பிரிவின் கீழ் அம்மாநில ஆட்சியைத் தாமே ஏற்கலாம். ஆளுநரின் அறிக்கையைக் கொண்டோ வேறு வகையிலோ அவர் இம்முடிவுக்கு வரலாம். நடுவண் அமைச்சரவையின் அறிவுரைப்படியே அவர் செயற்படுவதால், இவ்வதிகாரம் நடைமுறையில் நடுவண் அரசிடமே உள்ளது.

இப்பிரிவு பயன்படுத்தப்படாமலே இருக்கும் என அம்பேத்கர் நம்பிக்கை தெரிவித்திருந்தார். ஆனால், 1977 இல் ஜனதா அரசும் 1980 இல் இந்திரா காந்தி அரசும் தலா ஒன்பது மாநிலங்களின் ஆட்சிகளைக் கலைத்தன. 1991 இல் தமிழ்நாட்டில் மு. கருணாநிதி தலைமையிலான அரசு, ஆளுநரின் அறிக்கை இல்லாமலேயே கலைக்கப்பட்டது.

வழக்கு

1989 ஏப்ரலில் கர்நாடக முதலமைச்சர் பொம்மைக்கு அளித்த ஆதரவை 19 சட்டமன்ற உறுப்பினர்கள் விலக்கிக்கொண்டதாக ஆளுநரிடம் கடிதங்கள் அளிக்கப்பட்டன. அவர்களுள் எழுவர் பின்னர் அதை மறுத்தனர். சட்டமன்றத்தில் பெரும்பான்மையை மெய்ப்பிக்கத் தாம் ஆயத்தமாக இருப்பதாகப் பொம்மை தெரிவித்தும், ஏப்ரல் 21 அன்று அவரது அரசு கலைக்கப்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளுபடி செய்ததால் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. வேறு ஐந்து மாநிலங்களின் ஆட்சிக் கலைப்புகளும் இதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டன.

தீர்ப்பு

* ஓர் அரசின் பெரும்பான்மையைச் சட்டமன்றத்திலேயே சோதித்தறிய வேண்டும். அது ஆளுநரின் தனிப்பட்ட கணிப்புக்கு உரியதன்று.
* 356 ஆவது பிரிவின் கீழான பிரகடனம் நீதிமன்ற மறு ஆய்வுக்கு உட்பட்டது.
* நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் அளிக்கும் முன்னர்ச் சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது.
* பிரகடனம் செல்லாதெனில், நீக்கப்பட்ட அரசையும் சட்டமன்றத்தையும் நீதிமன்றம் மீட்டளிக்கலாம்.
* மதச்சார்பின்மை அரசியலமைப்பின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்று.

இவற்றின்படி கர்நாடகம், நாகாலாந்து, மேகாலயா ஆகியவற்றின் ஆட்சிக் கலைப்புகள் செல்லாதவை எனப்பட்டன. பாபர் மசூதி இடிப்பை அடுத்து 1992 டிசம்பரில் மத்தியப் பிரதேசம், இராச்சசுத்தான், இமாச்சலப் பிரதேசம் ஆகியவற்றில் மேற்கொள்ளப்பட்ட கலைப்புகள் செல்லும் எனப்பட்டன.

தாக்கம்

கர்நாடகத்தில் 1989 இலேயே புதிய தேர்தல் நடந்துவிட்டதால், வழக்கில் வென்றும் பொம்மையின் ஆட்சி மீளவில்லை. எனினும் பிற்காலத்து மாநில அரசுகளுக்கு இத்தீர்ப்பு காப்பாக அமைந்தது. 2016 மார்ச்சில் உத்தராகண்டத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரப்பட்டபோது, உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மே 10 அன்று சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடைபெற்றது. அதில் வென்ற அரீசு ராவத் மீண்டும் முதலமைச்சர் பொறுப்புக்குத் திரும்பினார்.