நான்கு கோல் தூரம்

மாணவனுடைய நூலைக் கேட்க வேண்டாம் என்று அதை மதிப்பிட இருந்தவரிடமே ஆசிரியர் சொல்லிவைத்த சம்பவம் தமிழில் பழையது. தொல்காப்பியச் சிறப்புப் பாயிரத்துக்கு உரை எழுதும்போது நச்சினார்க்கினியர் அதைச் சொல்கிறார். தென்னாடு வந்து சேர்ந்த அகத்தியர், மனைவி லோபாமுத்திரையை அழைத்துவரத் தொல்காப்பியரை அனுப்புகிறார். நான்கு கோல் தூரம் விலகி நின்று கூட்டிவர வேண்டும் என்பது உத்தரவு. வழியில் வையையில் வெள்ளம்; அவளை இழுத்துப் போகிறது. மாணவர் மூங்கில் கோல் ஒன்றை முறித்து நீட்டுகிறார். அவள் பற்றிக் கரையேறுகிறாள். விதி மீறப்பட்டது என்று ஆசிரியர் இருவரையும் சபிக்கிறார், சுவர்க்கம் புகமாட்டீர்கள் என்று. குற்றமில்லாத எங்களைச் சபித்த நீரும் புகமாட்டீர் என்று அவர்கள் திருப்பிச் சபிக்கிறார்கள். இந்தக் கோபத்தில்தான் அதங்கோட்டாசானுக்கு அந்தச் சொல் போகிறது.

எனக்கு இந்தக் கதையில் அகத்தியர்மேல் அவ்வளவு அக்கறையில்லை. அதங்கோட்டாசான்தான் முக்கியம். ஆசிரியரின் சொல்லைத் தட்ட முடியாது. நூலோடு வந்து நிற்பவரைத் திருப்பியனுப்பவும் மனமில்லை. அவர் கண்ட வழி: நூலைக் கேட்பது, கேட்டுக் குற்றம் சொல்வது. சொன்ன குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொல்லிவிடுகிறார். பாண்டியன் அவையில் நூல் அரங்கேறுகிறது. சாபம் நீங்கியதா? உரையில் அப்படி ஒன்றும் இல்லை. மனஸ்தாபம் அப்படியே கிடக்க, நூல் மட்டும் தப்பித்தது.

பனம்பாரனாரின் பாயிரத்தில் அகத்தியர் பெயரே கிடையாது. ஆகவே இதைத் தொல்காப்பியர் காலத்துச் சரித்திரமாகக் கொள்வதற்கில்லை. ஆனால் பதினான்காம் நூற்றாண்டுக்காரராகக் கருதப்படும் ஓர் உரைகாரர், குரு-சிஷ்யச் சண்டையில் மூன்றாவதாக ஒரு மனிதனுக்கு இடம் கொடுத்துக் கதை சொன்னார் என்பது சரித்திரம்தான். இது சாதாரண விஷயமல்ல. நன்னூலில் அந்த இடம் கிடையாது. பவணந்தி ஆசிரியர்களையும் மாணாக்கர்களையும் தரம் பிரித்து வைத்திருக்கிறார். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்று ஆசிரியராகத் தகாதவர்களுக்கு அவர் தந்த உவமைகள் இன்றைய பல்கலைக்கழக வராந்தாக்களில் நடமாடுகின்றன. முடத்தெங்கு வளைந்து வளர்ந்து, தண்ணீர் ஊற்றியவனை விட்டுவிட்டு அடுத்த வீட்டு முற்றத்தில் காய் போடும். இதைவிடக் கச்சிதமாக ஓர் ஆய்வு மாணவனின் புகாரை எழுதிவிட முடியாது. ஆனால் முடத்தெங்கின் கீழ் அகப்பட்டுக்கொண்டவன் யாரிடம் போவது? பவணந்தி சொல்லவில்லை. ஆசிரியரை நெருப்பைப் போலப் பாவித்து, விலகாமலும் மிக நெருங்காமலும் இருக்கச் சொல்கிறார். மறுபடியும் அந்த நான்கு கோல் தூரம்.

புதுச்சேரிக்கு வேதபுரி என்று ஒரு பெயர் உண்டு; அகத்தியர் இங்கேதான் இருந்தார் என்று ஊர்ப் பேச்சும் உண்டு. பேச்சு இருக்கட்டும். நகரத்தைச் சுற்றிச் செம்பும் கல்லும் வேறு விஷயம் சொல்கின்றன. தெற்கே வாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதற்கு மூன்று கிராமங்கள் விடப்பட்டதைச் செப்பேடு சொல்கிறது. விழுப்புரம் போகும் சாலையில் திருபுவனை: ராஜாதிராஜன் காலத்து 1048ஆம் வருஷக் கல்வெட்டில் 260 மாணாக்கர், 12 ஆசிரியர். இன்னும் தள்ளி எண்ணாயிரத்தில், ராஜேந்திரன் காலத்தில், 340 மாணாக்கர், 14 ஆசிரியர். ஆளுக்கு இவ்வளவு நெல் என்று கணக்கு. இந்தக் கணக்கைச் சரித்திரக்காரர்கள் சோழர் பெருமையாகவே படித்து வந்திருக்கிறார்கள். நான் அதில் பார்ப்பது வேறு. மாணாக்கனுக்குச் சோறு ஆசிரியர் வீட்டு அடுக்களையிலிருந்து வரவில்லை, சபை அளந்தது. ஆசிரியருக்கும் அதே சபைதான் அளந்தது. வேதம் படிக்க உரிமை பெற்ற ஒரு சிறு கூட்டத்துக்குள் நடந்த காரியம் இது என்பதை மறக்க வேண்டியதில்லை. என்றாலும் கோபித்துக்கொண்ட குரு நெல்லை நிறுத்திவிட முடியாத ஓர் ஏற்பாட்டை அங்கே யோசித்திருக்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு உறவு ஒரு விசித்திரமான தலைகீழ் வடிவம் எடுத்தது. 1955இல் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் ஏற்பட்டது. தூரகிழக்கு ஆராய்ச்சிப் பள்ளியும் இங்கே வேரூன்றியது. பண்டிதர்கள் சம்பளத்துக்குப் பாடம் சொன்னார்கள், கேட்டவர்கள் ஐரோப்பிய அறிஞர்கள். யார் ஆசிரியர், யார் இயக்குநர்? 1984இல் வந்த தேவாரப் பதிப்பின் முதல் தொகுதியில் பதிப்பித்தவர் தி.வே. கோபாலையர் என்றும், பிரான்சுவா குரோவின் இயக்கத்தில் என்றும் இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வேடுகளில் நெறியாளரைக் குறிக்க வரும் சொற்றொடரும் இதுவே. இரண்டு பெயருக்கும் ஒரே பக்கத்தில் இடம் கிடைத்தது நல்ல காரியம். உள்ளூர்ப் பண்டிதர் முன்னுரையின் நன்றிப் பட்டியலில் கரைந்துபோன நூல்கள் நம்மிடம் நிறைய.

புதுவைப் பல்கலைக்கழகம் 1985இல் பாராளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்டது. அதற்குச் சட்டம் டில்லியிலிருந்து வருகிறது, பாரீசிலிருந்தல்ல. 2016ஆம் வருஷம் இரண்டு தலைநகரங்களும் முனைவர் பட்டத்துக்கு விதி எழுதின. பிரான்சின் மே மாத ஆணை ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஒரு தொடர்கண்காணிப்புக் குழு வைத்தது. அவருடைய ஆய்வை நெறிப்படுத்துவதில் பங்குள்ள எவரும் அதில் உறுப்பினராகக் கூடாது. மோதல், பாகுபாடு, தொல்லை வராமல் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று என்று எழுதியே வைத்தது. வாய்மொழித் தேர்வில் நெறியாளர் உட்காரலாம், முடிவில் கலந்துகொள்ளக் கூடாது. நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஓர் ஆலோசனைக் குழு வைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வாளர் அதன் முன் நின்று தன் வேலையைக் காட்ட வேண்டும். அதன் அமைப்பாளர், நெறியாளரே. ஆய்வேட்டை மதிப்பிடுபவர்களிலும் அவர் ஒருவர்.

அதாவது அதங்கோட்டாசான் நாற்காலியில் அகத்தியரையே உட்காரவைத்தாயிற்று. கெட்ட எண்ணத்தால் செய்ததாக நான் நினைக்கவில்லை. குரு என்பவர் கட்சிக்காரராக இருக்கக்கூடும் என்ற எண்ணமே நமக்குத் தோன்றுவதில்லை. பவணந்தியின் சந்ததி நாம். அந்த நெல்லும் இப்போது உதவித்தொகையாகி, மாதந்தோறும் வருகைச் சான்றில் விழும் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

2023இல் மாணவர் குறைதீர்ப்புக்கு வேறு விதிகள் வந்தன. பேராசிரியர் ஒருவர் தலைமையில் குழு, உறுப்பினர்கள் நால்வரும் பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள். அதற்குமேல் முறையிட ஓம்புட்ஸ்மன் ஒருவர்: ஓய்வுபெற்ற துணைவேந்தர், ஓய்வுபெற்ற பேராசிரியர், அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி. கீழ்க்குழுவில் மாணவர் ஒருவருக்கும் இடம் உண்டு, சிறப்பு அழைப்பாளராக.