பீர் கேன்மேல் உட்கார்ந்த கோழி

யூடியூபில் சமையல் வீடியோ பார்க்கும் பழக்கம் உள்ளவர் என்றால் இந்தக் காட்சி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். மூடி போட்ட கரி அடுப்புக்குள், பாதி பீர் உள்ள ஒரு கேன்மேல் முழுக்கோழி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு கால்களும் கேனும் சேர்ந்து முக்காலி மாதிரி அதைத் தாங்கும். ஒன்றேகால் மணி நேரம் போனால் சுற்றிலும் பொன்னிறம். அமெரிக்காவில் இதற்குப் பெயர் ‘பீர் கேன் சிக்கன்’. ‘குடிகாரக் கோழி’ என்றும் சொல்வார்கள். பாட்டி காலத்துச் சமையல் போலத் தோன்றும். ஆனால் இதற்கு வேண்டிய மூன்று பொருள்கள் அங்கே ஒன்றுசேர்ந்ததே 1950களில்தான்.

முதலாவது கேன். அமெரிக்காவின் மதுவிலக்கு 1933இல் முடிந்தது. பீரைத் தகரத்தில் அடைத்தால் உலோக வாடை ஏறும், அழுத்தத்தில் டப்பா பிதுங்கும். அமெரிக்கன் கேன் கம்பெனி உள்ளே ஒரு பூச்சு கொடுத்து இதைச் சமாளித்தது. ஆனாலும் மதுக் கம்பெனிகள் தயங்கின. கடைசியில் நியூவார்க் நகரின் க்ரூகர் கம்பெனிக்கு இயந்திரங்களைத் தானே நிறுவித் தருவதாகவும், விற்காவிட்டால் பணம் வேண்டாம் என்றும் சொல்லி இறங்கவைத்தது. 1935 ஜனவரி 24 அன்று விர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் முதல் பீர் கேன் விற்பனைக்கு வந்தது. அந்த உள்பூச்சை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இரண்டாவது மூடி. அதுவரை வீட்டுக் கொல்லையில் இருந்தவை பெரும்பாலும் திறந்த அடுப்புகள். காற்றும் மழையும் வந்தால் சமையல் போச்சு. நிற்கவைத்த கோழி அதில் வேகவே வேகாது. சிகாகோ பக்கம் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952இல், அங்கே செய்துகொண்டிருந்த உருண்டை மிதவையை இரண்டாக வெட்டினார். கீழ்ப்பாதிக்குக் கால் வைத்தார், மேல்பாதியை மூடியாக்கினார். கரியை ஓரங்களில் ஒதுக்கி, நடுவில் கோழியை வைத்து மூடினால் அடுப்பு அவனாகிவிடும். என் கணக்கில் இந்தச் சமையலின் உண்மையான கதாநாயகன் இந்த மூடிதான்.

மூன்றாவது மலிவான கோழி. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அங்கும் கோழிக்கறி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுதான். முட்டைக்காக வளர்த்ததுதான் பிறகு குழம்புக்கு வரும். 1948இல் ‘நாளைய கோழி’ என்றே ஒரு தேசியப் போட்டி வைத்து, சதைப்பிடிப்பான இனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வென்றவர் கலிபோர்னியாவின் வான்ட்ரெஸ். காப்-வான்ட்ரெஸ் நிறுவனத்தின் பெயரில் அவர் இன்றும் இருக்கிறார். நம் ஊர்க் கடைக் கூண்டுகளில் நிற்கும் பிராய்லர்களிலும் பல, காப் இனம்தான்.

கேன்மேல் கோழியை முதலில் உட்காரவைத்த பெருமைக்கு டெக்சாஸும் போட்டி போடுகிறது, லூசியானாவும் போட்டி போடுகிறது. பார்பிக்யூ பந்தயங்களில் சுற்றிக்கொண்டிருந்த இந்த வித்தையை 1990களில் நாடறியச் செய்தவர் எழுத்தாளர் ஸ்டீவன் ரைக்லன். அவர் இதைப் பார்த்தது மெம்ஃபிஸ் நகரத்துப் போட்டியில். 2002இல் இதற்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

சரி, பீர் என்ன செய்கிறது? பீர் ஆவியாகிக் கறிக்குள் இறங்கும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் விளக்கம். யோசித்துப் பாருங்கள்: கோழி வெந்துவிட்டது என்பதற்கு அடையாளம் 74 டிகிரி செல்சியஸ். அந்தக் கோழிக்குள்ளேயே பொதிந்திருக்கும் கேன் எப்படி 100 டிகிரிக்குக் கொதிக்கும்? சமைப்பதற்கு முன்னும் பின்னும் கேனை எடை போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பீர் அப்படியேதான் இருந்தது. மேலே வழிந்த கொழுப்பு வேறு மூடிபோல மிதக்கும். ருசி தருவது நிமிர்ந்து நிற்கும் நிலைதான். கொழுப்பு வடிந்து, எல்லாப் பக்கமும் சூடு பட்டு, தோல் மொறுமொறுப்பாகிறது.

ஆகவே மது தொடாத வீட்டுக்காரர்களுக்கும் இதில் இடமுண்டு. சொல்லப்போனால் கேனே வேண்டாம். 1935இல் பீரைக் காப்பாற்றிய அந்த உள்பூச்சும், வெளியே அச்சடித்த வண்ணமும் அடுப்புச் சூட்டுக்காகச் செய்தவை அல்ல. நீளமான எவர்சில்வர் டம்ளர் ஒன்று போதும், காலியாகவே இருக்கட்டும். அடி அகலமாக இருந்தால் கோழி சாயாது. இறக்கும்போது கொதிக்கும் கொழுப்பு அதில் தேங்கியிருக்கும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். பால்கனியில் மட்டும் கரி அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அது உங்கள் வீட்டுக்குள்ளும் வரும், மேல்வீட்டுக்குள்ளும் போகும். திறந்த வெளியில், சுவரை விட்டுத் தள்ளி மூட்டுங்கள்.

கறிக்கடையில் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முழுசாக, தோலோடு. சொல்லாவிட்டால் நம் கடைக்காரர் பேச்சு முடிவதற்குள் தோலை உரித்துத் துண்டு போட்டிருப்பார்.