ஒரு தகப்பனாரின் மனு

சரித்திரம் என்றால் அரசர்களும் யுத்தங்களும்தான் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஒரு ஹிந்திப் பேராசிரியர் தம் மகனுக்காக எழுதிய மனுக்களும் சரித்திரமே. கேரளத்து ஈச்சர வாரியரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

மகன் ராஜன் கோழிக்கோட்டில் என்ஜினீயரிங் கல்லூரி மாணவன், பாட்டிலே கெட்டிக்காரன். நாட்டில் நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். காயண்ணா போலீஸ் ஸ்டேஷனை நக்ஸலைட்டுகள் தாக்கியதை யொட்டி, 1976 மார்ச் 1-ஆம் தேதி காலையில் போலீஸார் அவனைப் பிடித்துப் போனார்கள். கக்கயம் முகாமுக்குப் போன பிள்ளை திரும்பவே இல்லை.

தகப்பனார் மந்திரிகளைப் பார்த்தார். மனுவுக்கு மேல் மனு எழுதினார். பயனில்லை. 'கோர்ட்டுக்குப் போகக் கூடாதோ?' என்று கேட்பீர்கள். அந்தக் கதவும் சாத்தியிருந்தது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்று 1976 ஏப்ரல் 28-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தாம் மாறுபட்டார்.

1977 மார்ச் 21-ல் நெருக்கடி நிலை நீங்கியது. அந்த மாதமே வாரியர் கேரள ஹைகோர்ட்டின் படியேறினார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று சாதித்தது சர்க்கார். ஆனால் கல்லூரியில் கண்டவர்கள் வாய் திறந்தார்கள். பையனைக் கொண்டு வந்து நிறுத்துங்கள் என்று ஏப்ரல் 13-ல் கோர்ட்டு உத்தரவிட்டது. முன்பு போலீஸ் இலாகாவை வகித்த கருணாகரன், முதன்மந்திரியாகி ஒரு மாதமே ஆன நிலையில் ராஜினாமாச் செய்தார். ராஜன் காவலில் இறந்ததைச் சர்க்கார் பிறகு ஒப்புக்கொண்டது.

அந்த மனுவின் லத்தீன் பெயருக்கு 'உடலைக் கொண்டு வா' என்று பொருள். மந்திரிசபையை ஆட்டிய மனுவால் அந்த உடலைக் கொண்டுவர முடியவில்லை. கொள்ளி வைக்கவும் கொடுத்து வைக்காத தகப்பன் அவர்! தாய் ராதா சித்தம் கலங்கி 2000-இல் கண்மூடினார், வாரியர் 2006-இல்.

இச்சம்பவத்தின் சாயலில் 1988-இல் ஷாஜி கருண் 'பிறவி' என்ற படமெடுத்தார். மகனுக்காகக் காத்திருக்கும் கிழவரின் கதை அது. கதை எழுதுகிற எனக்கு முடிவு சொல்லிப் பழக்கம். இந்தத் தகப்பனாருக்கு மட்டும் ஒரு முடிவும் எழுத வரவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. அவர் வீட்டிலேயே அழுதுகொண்டு இருந்திருந்தால், ராஜன் என்றொரு பிள்ளை கைதானதே இல்லை என்றுதான் சர்க்கார் காகிதத்தில் இருந்திருக்கும்.