தக்ளி எதற்கு? - ஆதாரக் கல்வியின் கதை



செமஸ்டர் தேர்வு முடிந்து ஊருக்குப் போயிருந்தேன். இத்தனை மாதம் படித்ததில் எவ்வளவு நினைவில் நிற்கிறது என்று யோசித்துப் பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை. தாத்தாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் 1950களில் கிராமத்து ஆதாரப் பள்ளியில் படித்தவர். "எங்க கையில தக்ளியைக் குடுத்து நூல் நூக்கச் சொன்னாங்க. எதுக்குன்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்லலை" என்று சிரித்தார். அந்த "எதுக்கு?" என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

தமிழ் வாத்தியார் காந்தி

கதை தென்னாப்பிரிக்காவில் தொடங்குகிறது. 1910ல் ஜோகன்னஸ்பர்க் அருகே, நண்பர் காலன்பாக் கொடுத்த சுமார் 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தி டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் தமிழர்களும் நிறையப் பேர். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமே! ஆசிரியர் வைக்கப் பணம் இல்லை. காந்தியே பாடம் நடத்தினார். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். கப்பல் பயணத்திலும் சிறையிலும் ஜி.யு.போப்பின் நூலை வைத்துக் கற்ற கொஞ்சத் தமிழ்தான் அவருக்குத் தெரியும்!

காலையில் தோட்ட வேலை, சமையல், துப்புரவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடம். களைப்பில் மாணவர்களோடு ஆசிரியர்களும் தூங்கி விழுவார்களாம். ஆனால் ஒரு விதி மட்டும் உறுதியாக இருந்தது. ஆசிரியர் தான் செய்யாத வேலையை மாணவரைச் செய்யச் சொல்லக்கூடாது. ஆன்மப் பயிற்சியைப் புத்தகத்தால் கொடுக்க முடியாது, ஆசிரியரின் வாழ்க்கையைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பெறுகிறார்கள் என்று காந்தி உணர்ந்தது இங்கேதான்.

வார்தா 1937

1937ல் பல மாகாணங்களில் காங்கிரஸ் ஆட்சி அமைத்தது. அந்த அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. காந்தி முன்வைத்த யோசனை இது: 7 வயது முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து. உடல், அறிவு, ஆன்மா மூன்றும் சேர்ந்து வளர்வதே கல்வி என்பது அவர் கருத்து. திட்டத்தை வகுக்கப் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. யாழ்ப்பாணத்தவரும் தாகூரிடம் செயலாளராக இருந்தவருமான ஆரியநாயகமும், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாவும் அதில் இருந்தார்கள்.

இப்போது தக்ளிக்கு வருவோம். தக்ளி வெறும் நூல் நூற்க அல்ல. பருத்தி எந்த மண்ணில் விளைகிறது? அது புவியியல். எத்தனை சுற்று நூல், என்ன விலை? அது கணக்கு. நம் நெசவாளர்கள் எப்படி நலிந்தார்கள்? அது வரலாறு. ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாடங்களுக்குள்ளும் போகலாம் என்பதே திட்டம். தாத்தாவுக்குத் தக்ளி கிடைத்தது. அதிலிருந்து விரிய வேண்டிய கேள்விகள் கிடைக்கவில்லை!

1944ல் சிறையிலிருந்து விடுதலையான பிறகு காந்தி இதை இன்னும் விரித்தார். கல்வி 14 வயதில் முடிவதில்லை, தாயின் கருவில் தொடங்கிச் சாகும்வரை தொடர்வது என்றார். 1945ல் சேவாகிராமத்தில் நடந்த மாநாட்டுக்குப் பின், மழலையர் கல்வி முதல் முதியோர் கல்வி வரை எல்லாம் திட்டத்துக்குள் வந்தன. ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும் அங்கே பல ஆண்டுகள் இதை நடத்திக்காட்டினார்கள். தமிழ்நாட்டில் 1947ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே தொடங்கிய காந்திகிராமமும் இதே வழியில் வந்ததுதான்.

ஏன் நிலைக்கவில்லை?

காரணங்கள் பல. பிள்ளைகள் செய்த பொருளை விற்றுப் பள்ளிச் செலவைச் சமாளிக்கலாம் என்ற யோசனையை வார்தா மாநாட்டிலேயே கே.டி.ஷா எதிர்த்தார். பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதவில்லை. வசதியானவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போக, கிராமத்து ஏழைப் பிள்ளைக்குத் தக்ளி என்றானது. 1964-66 கோத்தாரி குழு "பணி அனுபவம்" என்ற பெயரில் இதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் இன்னொரு காயமும் உண்டு. 1953ல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். 1954ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்டவர்களிடம் போய் "அப்பன் தொழிலைச் செய்" என்றால் கோபம் வராதா? அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது சரியல்ல என்று நினைக்கிறேன். அந்தத் திட்டத்தில் பிள்ளை அப்பாவின் தொழிலுக்குத் திரும்பியது. சேவாகிராமத்தில் எந்தச் சாதிப் பிள்ளையானாலும் நூல் நூற்றது, கழிப்பறையையும் கழுவியது. ஒன்று சாதியை வீட்டுவாசலில் காத்துநிற்க வைத்தது. மற்றொன்று அதைப் பள்ளிக்குள்ளேயே உடைக்கப் பார்த்தது.

ஒரு திட்டம் நல்லதா என்பதைவிட, அது யார் பிள்ளைக்கு என்பதே முதல் கேள்வி. எல்லார் பிள்ளைக்கும் என்றால் கைவேலையும் கல்விதான். ஏழை பிள்ளைக்கு மட்டும் என்றால், எவ்வளவு ஆன்மிகம் பேசினாலும் அது அநீதிதான்.

இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை அன்னிக்கே அந்த வாத்தியார் சொல்லியிருந்தா இன்னும் நல்லா நூத்திருப்பேன்" என்றார். எழுபது வயதுக்கு மேல் அவருக்கு ஒரு பாடம் முடிந்தது. எனக்கு இப்போதுதான் தொடங்குகிறது.