குடியேறினால்தான் பயனா? நொதித்த உணவும் குடல் நலமும்: ஓர் ஆய்வின் மறுவாசிப்பு

நொதித்த உணவுகளிலிருந்து லாக்டிக் அமில பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து அவற்றின் புரோபயாடிக் தகுதியை ஆராயும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. இரைப்பைக்கு ஈடான பிஎச் 2 அல்லது 3 கரைசலில் அந்த பாக்டீரியா தாக்குப்பிடிக்கிறதா, 0.3 சதவீதப் பித்த உப்பைத் தாங்குகிறதா, குடற்சுவர்ச் செல்களில் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றுக்கும் விடை 'ஆம்' என்றால் பாக்டீரியா தேறிவிடுகிறது. சில பக்கங்கள் கழித்து, அது இருந்த உணவும் குடலுக்கு நல்லது என்ற முடிவு வந்து சேர்கிறது. உணவோடு போகும் நுண்ணுயிர் உயிருடன் பெருங்குடலை அடைந்து அங்கே தங்கினால்தான் பயன் என்ற கருதுகோள் இந்த வாய்பாட்டுக்கு அடியில், சொல்லப்படாமலே இருக்கிறது. இதைக் குடியேற்ற வாசிப்பு என்று அழைக்கிறேன். அண்மை ஆண்டுகளில் இந்த வாசிப்புக்கு ஆதரவாகப் பெரிதும் எடுத்தாளப்படும் ஆய்வே இதற்கு எதிரான வலுவான சான்று என்பது என் வாதம்.

அது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சோனன்பர்க், கார்ட்னர் குழுவினர் நடத்தி 2021இல் 'செல்' இதழில் வெளியிட்ட ஆய்வு. நலமுள்ள 36 பேரைக் குழுவுக்கு 18 பேராகப் பிரித்து 17 வாரங்கள் தொடர்ந்தார்கள். ஒரு குழு நார்ச்சத்தை உயர்த்தியது. மற்றது தயிர், கெஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா, காய்கறி ஊறிய உப்புநீர் போன்றவற்றை நாளுக்கு ஆறு பங்குக்கு மேல் உண்டது. நொதித்த உணவுக் குழுவில் குடல் நுண்ணுயிர்ப் பன்மை கூடியது. இன்டர்லூகின்-6 உட்பட அழற்சி தொடர்பான 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக் குழுவில் பன்மை மாறவில்லை. மேற்கோளாக எடுத்தாளப்படுவது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். நொதித்த உணவில் உயிருள்ள பாக்டீரியா உண்டு, அதை உண்டவர்களின் குடலில் புதிய பாக்டீரியாக்கள் தோன்றின, எனவே உணவில் இருந்தவையே குடலுக்கு வந்துவிட்டன என்று தர்க்கம் ஓடுகிறது.

கட்டுரையின் தரவு இந்த 'எனவே'யை அனுமதிக்கவில்லை. ஆய்வாளர்கள் உண்ணப்பட்ட உணவுகளிலும் நுண்ணுயிர் மரபணு வரிசைகளைப் படித்து, குடலில் புதிதாகத் தென்பட்ட வரிசைகளோடு ஒப்பிட்டார்கள். புதியவற்றில் சிறு பகுதி மட்டுமே உணவுகளிலும் காணப்பட்டது. பெரும்பகுதி தயிரிலும் இல்லை, கிம்ச்சியிலும் இல்லை. முறையியலின் சாய்வையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். 16எஸ் மரபணுவின் குறுந்துண்டுகளைப் படிக்கும் முறையால் ஒரே இனத்தின் இரு உட்வகைகளைப் பிரித்தறிவது அரிது. குடலில் முன்பே சிறு எண்ணிக்கையில் இருந்த பாக்டீரியாவும் உணவில் இருந்த அதன் உறவும் ஒரே வரிசையாகப் பதிவாகிவிடலாம். அதாவது, இந்த முறை பிழை செய்தால் பெரிதும் குடியேற்ற வாசிப்புக்குச் சாதகமாகவே செய்யும். அந்தச் சலுகைக்குப் பிறகும் கிடைத்தது சிறு பகுதிதான்.

இரண்டாவது சான்று ஆய்வின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறது. கடைசி வாரங்களில் பங்கேற்றோர் எவ்வளவு உண்பது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள்; நொதித்த உணவின் அளவு உச்சத்திலிருந்து இறங்கியது. வழிப்போக்கர்களாக வந்த உணவு பாக்டீரியாக்களால் மட்டுமே பன்மை கூடியிருந்தால் அதுவும் உடன் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. குடலில் முன்பே கண்டறியும் எல்லைக்குக் கீழே இருந்தவை தலைதூக்கியிருக்கலாம். அல்லது சூழலிலிருந்து வந்த வேறு நுண்ணுயிர்களுக்கு இடம் திறந்திருக்கலாம். இரண்டில் எது என்று இந்தத் தரவால் தீர்ப்பளிக்க முடியாது. இரண்டிலும் மாறியது குடல் என்னும் வாழிடம் என்பது மட்டும் தெளிவு.

இந்த ஆய்வின் மீது அதிகச் சுமை ஏற்றவும் கூடாது. முதன்மை அளவுகோலாக முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட சைட்டோகைன் எதிர்வினை மதிப்பெண் மாறவில்லை. வழக்கமான உணவையே உண்ட ஒப்பீட்டுக் குழு இல்லை. 19 புரதங்கள் குறைந்தது நோய் குறைந்தது ஆகாது. இவை மெய்யான குறைகள். ஆனால் பயன் எவ்வளவு என்ற கேள்வியைத்தான் இவை பாதிக்கின்றன. புதியவை எங்கிருந்து வந்தன என்பதே இங்குள்ள கேள்வி. பங்கேற்றோர் குறைவு என்ற ஆட்சேபத்துக்கும் இதே பதில் போதும்.

வேறு ஆய்வுகளும் இந்தத் திசையையே காட்டுகின்றன. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் ஏழு இரட்டைச் சகோதரி இணைகள் ஐந்து பாக்டீரியா உட்வகைகள் கொண்ட நொதித்த பாலை ஏழு வாரங்கள் உண்டார்கள். அவர்களது குடல் நுண்ணுயிர்க் கூட்டத்தின் அமைப்பு குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. அதே பாக்டீரியாக்களைத் தெரிந்த 15 குடல் இனங்கள் மட்டுமே கொண்ட எலிகளுக்குக் கொடுத்தபோது, மாவுச்சத்துகளைக் கையாளும் மரபணுக்களின் இயக்கம் மாறியது. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனக் குழு குடற்சுவரிலிருந்தே மாதிரி எடுத்துப் பார்த்தது. ஒரே புரோபயாடிக் கலவை சிலரிடம் தங்கியது, சிலரிடம் தங்கவே இல்லை. மலத்தில் பாக்டீரியா தென்படுவது அது குடற்சுவரில் தங்கியதற்குச் சான்றாகவில்லை. மலத்தில் மீட்டெடுத்த எண்ணிக்கையைக் குடியேற்றச் சான்றாக அடுக்கும் கட்டுரைகள் இதற்குப் பின்னும் வந்துகொண்டிருப்பது வியப்பே.

உணவிலும் குடலிலும் உள்ள லாக்டிக் பாக்டீரியாக்களின் மரபுத்தொகுதிகள் நெருங்கிய உறவுடையவை என்று 2020இல் வெளியான பெருந்தரவு ஆய்வு காட்டியதை மறுப்பாக எழுப்புவோர் உண்டு. அந்த ஆய்வே இவை குடலில் பொதுவாகக் குறைந்த அளவில் இருப்பதையும் காட்டியது. நாள்தோறும் தயிர் உண்பவரிடம் தயிர் பாக்டீரியா தென்படுவது வரத்தைக் காட்டும், இருப்பைக் காட்டாது.

பாக்டீரியா தங்காமலே குடலோ உடலோ மாற வழியுண்டா? ஒரு வழியாவது தெரிந்தது. லாக்டிக் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் டி-ஃபீனைல்லாக்டிக் அமிலம் மனிதரின் நோய் எதிர்ப்புச் செல்களிலும் கொழுப்புச் செல்களிலும் உள்ள எச்சிஏ3 என்னும் ஏற்பியைத் தூண்டுகிறது. புளித்த முட்டைக்கோஸ் உண்டபின் அந்த அமிலம் இரத்தத்தில் உயர்வதை 2019இல் லைப்சிக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜாடிக்குள்ளேயே உருவாகிவிடும் இந்தச் சேர்மம் வேலை செய்ய பாக்டீரியா உயிரோடு குடலைச் சேர வேண்டியதில்லை.

இதன் விளைவு இட்லி மாவு ஆய்வுகளைத்தான் நேரடியாகத் தொடுகிறது. மாவில் லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் பெருகி கார்பன் டை ஆக்சைடை வெளிவிட, இரவில் பாதிப் பாத்திரம் இருந்த மாவு காலையில் விளிம்பைத் தொடுகிறது. பிஎச் 6ஐ ஒட்டிய நிலையிலிருந்து 4.5 அளவுக்கு இறங்குகிறது. உளுந்தின் ஃபைட்டேட்டும் வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளும் குறைகின்றன. பிறகு மாவு பத்து நிமிடமாவது ஆவியில் வேகிறது. லாக்டிக் பாக்டீரியாக்கள் அதில் பிழைப்பதில்லை. அதே மாவிலிருந்து பிரித்த பாக்டீரியா பித்த உப்பைத் தாங்கியது என்பது தட்டில் இருக்கும் இட்லியைப் பற்றி எதையும் சொல்லாது. உயிருள்ள நுண்ணுயிர் என்பது 2001ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன, உணவு வேளாண் அமைப்பு வரையறையின் முதல் நிபந்தனை. அதன்படி இட்லி புரோபயாடிக் ஆகாது. உயிரற்ற செல்களுக்கு இடம் தரும் 2021ஆம் ஆண்டின் போஸ்ட்பயாடிக் வரையறைக்குள் இட்லியை அவசரமாக நுழைப்பதும் அதே பிழையின் மறுபதிப்பு. மாவில் எந்தெந்தச் செல்கள், எந்த அளவில், என்ன பயனோடு என்பது முதலில் நிறுவப்பட வேண்டும்.

இங்கே செய்ய வேண்டிய சோதனை கடினமானதும் அன்று. புளிக்காத மாவை வேகவைத்தது, புளித்த மாவை வேகவைத்தது, உயிருள்ள பாக்டீரியாவோடு உண்ணப்படும் மோர் அல்லது பழையசோறு என மூன்று குழுக்கள் வேண்டும். முதல் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நொதித்தலின் பயனைக் காட்டும். மூன்றாவது, உணவு வேறு என்பதைக் கணக்கில் கொண்டால், உயிருள்ள பாக்டீரியா கூடுதலாக ஏதும் தருகிறதா என்பதற்குக் குறிப்பாவது தரும். அந்தக் கூடுதல் சிறிதாகவே இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. பித்த உப்புச் சோதனையில் தேறிய பாக்டீரியாக்களின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவது இந்தக் கேள்வியைத் தொடவே தொடாது.