மாத்திரை வீடு தேடிப் போனது, தராசு பின்தங்கியது

சிதம்பரத்திலோ கடலூரிலோ ரயிலேறிச் சென்னைக்கு வருபவர்கள், தாம்பரத்தைத் தாண்டியதும் ஒரு சிறிய நிலையத்தைக் கடக்கிறார்கள். பெயர்ப் பலகையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றிருக்கும். எலும்புருக்கி நோய் பிடித்தால் சானடோரியத்தில் போய்ப் படுப்பதே வைத்தியம் என்றிருந்த காலத்தில், 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய காசநோய் மருத்துவமனை அது. 1937-ல் சென்னை மாகாண அரசு அதை எடுத்துக்கொண்டது. மருத்துவமனையின் பெயர் ரயில் நிலையத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

சௌரி முத்து இங்கிலாந்தில் பல ஆண்டுகள் காசநோய் விடுதி நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் சில காலம் அவருடைய பராமரிப்பில்தான் இருந்தார். திறந்த வெளிக் காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு என்ற இந்த மூன்றும்தான் அன்று உலகமெங்கும் தரப்பட்ட சிகிச்சை. மதனப்பள்ளிக்கு அருகே 1915-ல் கிறிஸ்தவ மிஷன்கள் சேர்ந்து அமைத்த ஆரோக்கியவரத்திலும் அதே முறைதான். நோயாளியின் உடம்பைத் தேற்றிவிட்டால் உடம்பு கிருமியைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் எழுந்த கட்டடங்கள் அவை. சிலர் தேறினார்கள், பலர் தேறவில்லை. ராமானுஜன் ஊர் திரும்பி, 1920 ஏப்ரலில் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு இருந்தது காசநோய்தானா என்று பிற்கால மருத்துவர்கள் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். அது தனிக் கதை.

அதே சேத்துப்பட்டில்தான் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, சானடோரியம் என்ற ஏற்பாட்டையே ஆட்டம் காணச் செய்த ஆராய்ச்சி தொடங்கியது.

இடையில் மருந்து வந்துவிட்டது. 1940களின் இறுதியில் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைச் சோதித்தபோது, ஆறு மாதத்தில் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தால், ஊசி போட்டவர்களிலும் போடாதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்ததால், அதற்கு அடங்காத கிருமிகள் மட்டும் மிஞ்சிப் பெருகியிருந்தன.

இது நடக்கும் விதம் எளிது. நுரையீரலில் புண் குழியாகிவிட்ட நோயாளியிடம் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு ஒன்று, மருந்தைப் பார்க்கும் முன்பே ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்துக்கு அடங்காததாகப் பிறந்திருக்கும். மருந்து ஒன்றே ஒன்றென்றால் அந்த ஒன்று பிழைத்து வம்சம் பெருக்கும். இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், எல்லாவற்றுக்கும் ஒருசேர அடங்காத கிருமி இருப்பது அபூர்வம். நோயாளி அவற்றை முறையாகச் சாப்பிட வேண்டும், பாதியில் விடக் கூடாது. காசநோய் ஒழிப்பின் அத்தனை சிக்கலும் இந்த ‘பாதியில் விடக் கூடாது’ என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையத்தை நிறுவின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். பொறுப்பேற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற இளம் ஆங்கிலேய மருத்துவர். அவர் முன்னிருந்த கேள்வி, நாட்டின் ஏழை நோயாளிகள் அத்தனை பேருக்கும் பொருந்துவது. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகளோ சில ஆயிரம்தான். இடம் கிடைக்காதவர் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா? கூட இருக்கும் பிள்ளைகளுக்கு நோய் தொற்றாதா?

சென்னை நகரின் நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறு பாதி வீட்டிலேயே இருந்தது. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, தாதியர் கவனிப்பு எல்லாம் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் அரை வயிற்றுக் கஞ்சியோடு, ஒற்றை அறையில் குடும்பத்தோடு படுத்து, முடிந்தபோது வேலைக்கும் போனார்கள்.

1959-ல் வெளியான முடிவு உலக மருத்துவர்களை நிமிர்ந்து பார்க்க வைத்தது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வந்ததா என்று ஐந்து ஆண்டுகள் கண்காணித்தார்கள். அப்படியும் வரவில்லை. தொற்ற வேண்டியது சிகிச்சை தொடங்கும் முன்பே தொற்றிவிடுகிறது, மருந்து தொடங்கியபின் ஆபத்து விரைவாகக் குறைந்துவிடுகிறது என்பது அதன் பொருள். உணவு பற்றித் தனியாக ஆராய்ந்தபோது, வீட்டிலிருந்தவர்களுக்கு எடை அவ்வளவாகக் கூடாவிட்டாலும் நோய் அடங்குவதை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது.

சென்னை தந்த பாடம் உலகம் முழுவதும் பரவியது. பல நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிரிவிலிருந்து தப்பின. தமிழ்நாட்டு மண்ணில் நடந்த மருத்துவ ஆராய்ச்சிகளில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை மிகச் சில.

ஆனால் அந்தப் பாடத்தின் ஒரு பாதி மட்டுமே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. சேத்துப்பட்டு மையம் மாத்திரையைக் கொடுத்து நோயாளியை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினார்கள், மருந்து உடம்பில் சேர்ந்திருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள், மருந்து வாங்க வராதவரைத் தேடிப் போனார்கள். பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும், நாளுக்குப் பல கிராம் விழுங்க வேண்டும். நோயாளி அதை ஒதுக்கிவிட்டு ஐசோனியாசிட்டை மட்டும் சாப்பிட்டால் மருந்து எதிர்ப்பு உருவாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஐசோனியாசிட்டைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த அடுத்த ஆய்வு அதை மெய்ப்பித்தும் காட்டியது.

ஒரே மருந்து எல்லா உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதையும் அந்த மையம் நுணுக்கமாக ஆராய்ந்தது. சிலருடைய கல்லீரல் ஐசோனியாசிட்டை வேகமாகச் செயலிழக்கச் செய்துவிடும், சிலருடையது மெதுவாகச் செய்யும். மெதுவாகச் செய்பவர்களுக்குக் கை கால் எரிச்சலும் மரத்துப்போதலும் அதிகம் வந்தன. பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமின் அதைத் தடுத்தது. வேகமாகச் செய்பவர்களுக்கு வாரம் ஒருமுறை மட்டும் மருந்து தருவது போதவில்லை. நோயாளியைக் கண்முன்னே நிறுத்தி வாரம் இருமுறை மருந்து கொடுக்கும் முறையும் 1960களின் முற்பாதியில் இங்கே சோதிக்கப்பட்டது. பிற்காலத்தில் ‘டாட்ஸ்’ என்று உலகம் அறிந்த முறையின் வேர்களில் ஒன்று அது.

1962-ல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு காசநோய் மையம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை, வீட்டில் சாப்பிட மாத்திரை என்று திட்டமிட்டார்கள். உதாரணத்துக்கு அன்றைய தென்னாற்காடு, இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பெரிய நிலப்பரப்பு. மாத்திரை ஊருக்கு வந்தது. வீடு தேடி வந்து எண்ணிப் பார்க்கும் ஆள் வரவில்லை. 1992-ல் நாடு தழுவிய திட்டத்தை மறு ஆய்வு செய்தபோது, சிகிச்சையில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர்கூட அதை முடிக்கவில்லை என்பது வெளிப்பட்டது.

ஏன் முடிக்கவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடுகிறது, காய்ச்சல் விட்டுவிடுகிறது. மருந்து குமட்டுகிறது, ரிஃபாம்பிசின் என்ற மருந்து சேர்ந்த பின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போய் பயமுறுத்துகிறது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுபவரும், பண்ருட்டியில் முந்திரி உடைப்பவரும், கிள்ளையில் வலை இழுப்பவரும் மருந்துக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வெளியூர் வேலைக்குப் போனால் மருந்து அட்டை வீட்டுப் பரணில் கிடக்கும். பாதியில் விட்டவர் மீண்டும் இருமத் தொடங்கும்போது, அவர் நுரையீரலில் இருப்பவை மருந்துக்கு அடங்க மறுக்கும் கிருமிகளாக இருக்கலாம். 2014-16ல் நாடு முழுவதும் நடந்த ஆய்வில், பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய் புதிய நோயாளிகளிடம் 2.84 சதவீதம்தான் இருந்தது. முன்பு சிகிச்சை பெற்றவர்களிடம் அது 11.62 சதவீதம்.

யார் பிழைக்கிறார், யார் பிழைக்கவில்லை என்ற கேள்விக்குத் தமிழ்நாடே மறுபடியும் பதில் தேடியது. 1999 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் டாட்ஸ் முறையில் சிகிச்சை பெற்றவர்களைச் சேத்துப்பட்டு ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்தார்கள். பாதியில் விட்டவர்களில் ஆண்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் அதிகம். குணமானவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு ஒன்றரை ஆண்டுக்குள் நோய் திரும்பியது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாததும், புகைப்பதும், தொடக்கத்திலேயே இருந்த மருந்து எதிர்ப்பும் அதற்குக் காரணங்கள். 2002-ல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு கண்டுபிடிப்பு மனதை உலுக்குவது: இறந்துபோனவர்களைத் தனித்துக் காட்டிய அடையாளங்களில் ஒன்று, சிகிச்சை தொடங்கும்போதே எடை 35 கிலோவுக்குக் கீழே இருந்தது.

கடலூர் மாவட்டமும் இந்த ஆராய்ச்சி வரலாற்றில் இடம்பெற்றது. புதுச்சேரி ஜிப்மரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2014 முதல் நடத்திய ஆய்வில் புதுச்சேரியோடு கடலூர், விழுப்புரம் நோயாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். ஊட்டக்குறைவு, குடி, சர்க்கரை நோய் ஆகியவை இவர்களிடம் பரவலாக இருந்தன. உடம்பு மிகவும் வற்றியவர்களுக்குச் சிகிச்சை தோற்பதும் மரணம் நேர்வதும் அதிகம் என்று அந்த ஆய்வும் காட்டியது. நோயாளிகளின் வாழ்க்கையையும் சமையலறையையும் விட்டுவிட்டு மருந்துச் சீட்டை மட்டும் பார்த்தால் இவற்றில் எதுவும் கண்ணில் படாது.

அப்படியென்றால் சேத்துப்பட்டு முடிவு தவறா? தவறில்லை. மருந்தை விடாமல் சாப்பிட்டவருக்கு, அரைகுறைச் சாப்பாட்டிலும் கிருமி அடங்கும் என்பது உண்மை. ஆனால் கிருமி அடங்கும் வரை உயிர் தாங்குமா என்பது வேறு கேள்வி. காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நடப்பவை. மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது, உடம்பில்தான் பொறுக்க வலுவில்லை. சானடோரியக் கட்டில் எல்லாருக்கும் தேவையில்லை என்று நிரூபித்த ஆய்வு, யாருக்குமே தேவையில்லை என்று படிக்கப்பட்டுவிட்டது.

அந்தப் பிழையைத் திருத்தும் முயற்சி 2022 ஏப்ரலில் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, நோய் கண்டறியப்படும் நாளிலேயே எளிய சோதனைகளைச் செய்யச் சொல்கிறது. உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா? நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? ரத்தத்தில் ஆக்ஸிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறதா? தாங்கலின்றி நிற்க முடிகிறதா? இதற்குத் தராசும் விரலில் மாட்டும் ஒரு சிறு கருவியும் போதும். ஆபத்தில் இருப்பவர் என்று தெரிந்தால் உடனே மருத்துவமனையில் சேர்த்துச் சத்துணவும் சிகிச்சையும் தர வேண்டும். ஆக, கட்டில் திரும்பி வந்திருக்கிறது, உண்மையிலேயே அது வேண்டியவருக்கு மட்டும். 35 கிலோ பற்றிய கட்டுரைக்கும் இந்தத் திட்டத்துக்கும் இடையே போன இருபது ஆண்டுகளை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

உணவு பற்றிய பழைய கருத்தும் மாறிவிட்டது. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது கணிசமாகக் குறைந்தது. மத்திய அரசு 2018 முதல் நோயாளிகளின் ஊட்டச்சத்துக்காகக் கொடுத்துவந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரில் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. மருந்து எதிர்ப்பு இருக்கிறதா என்று சில மணி நேரத்தில் சொல்லும் சளிப் பரிசோதனையும், ஆறு மாத மருந்தும் அங்கும் மற்ற அரசு மருத்துவமனைகளிலும் இலவசம். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதித்துப் பாருங்கள். நோய் உறுதியானால், மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடாதீர்கள். எடையையும் ஆக்ஸிஜனையும் சர்க்கரையையும் அன்றே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.